கறுப்பு நூல் கட்டிய பெட்டி

டிசம்பர் 2

தம்பிக்கு,

போன் அடிச்சா நீ எடுக்க மாட்டேங்கிற. அதனால கடுதாசி. இதைப் படிக்காம கிழிச்சுப் போட உனக்கு மனசு வராது. எத்தனை பிழை விட்டிருக்கேன்னு பாக்கறதுக்காவது கடைசி வரைக்கும் படிப்ப. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன். திருத்தி அனுப்பாத.

போன வாரம் குளியலறையில வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இந்த வருஷம் என் கையில ஒட்டப்போற மாவு இது ஒண்ணுதான் போல.

வருஷக் கடைசி விடுமுறைக்கு முன்னாடி நான் யார் யாருக்குப் பலகாரப் பெட்டி குடுப்பேன்னு உனக்குத் தெரியும். காவலாளி, மருந்துக்கடைக்காரர், எதிர் வீட்டு டீச்சர், தையல்காரம்மா, எல்லாரும் இப்பவே வழியில நிறுத்தி "கை எப்படி இருக்கு?"ன்னு விசாரிக்கறாங்க. அவங்க கேட்கறது கையைப் பத்தி இல்லடா. முப்பதாம் தேதி வீட்டுல விருந்து வேற வச்சிருக்கேன். கடையில வாங்கிக் குடுத்துடலாம்னு என் பொண்ணு சொல்றா. அவளுக்கு முட்டை உடைக்கத் தெரியும், அதோட சரி.

எங்க வீட்டு ஓவன்ல ஒரு தட்டு வைக்கவே இடம் பத்தாது. அதனாலதானே வருஷா வருஷம் உன் வீட்டுக்கு வந்து செஞ்சேன். நான் பிசைவேன், நீ ஓவனைப் பார்த்துப்ப. இந்தத் தடவை ரெண்டையும் நீயே பார்த்துடேன். வெண்ணெய் பிஸ்கட்டும் பழக் கேக்கும் போதும்.

ஒரு வருஷமா நீ பேசல. இப்பவும் பேச வேண்டாம். பிசைஞ்சு மட்டும் குடு.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

கை உடைந்தது வருத்தம். ஈரத் தரையில் ரப்பர் விரிப்புப் போடச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதை யார் கேட்டார்கள்.

உன் வேண்டுகோளை ஏற்பதற்கில்லை. காரணம் உனக்குத் தெரியும். ஆனால் நீ தெரியாதவள் போல எழுதுவதால் எழுத்தில் வைக்கிறேன்.

போன வருடம் இதே மாதம் என் சமையலறையில் நின்று பிஸ்கட் செய்தோம். எல்லாம் முடிந்த பிறகு நீ இன்னொரு பெரிய டின்னுக்கும் மாவு பிசைந்தாய். "இது யாருக்கு?" என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவங்க யாருக்கோ வேணுமாம்டா, நீ தட்டைத் திருப்பு, அந்தப் பக்கம் கருகுது" என்றாய். திருப்பினேன். ஒவ்வொன்றையும் வழக்கம்போல அந்தப் பழைய கண்ணாடி ஜாடியின் மூடியால் அழுத்தி நட்சத்திரம் பதித்ததும் நான்தான்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று ஆசிரியர் அறையில் தேநீர் விருந்து. புதிய வேதியியல் துறைத்தலைவர் யார் என்று முதல்வர் அறிவித்தார். உன் மாப்பிள்ளை. என்னிடம் படித்தவன். என் சோதனைச்சாலையில் கண்ணாடிக் குழாய் உடைத்து என்னிடம் திட்டு வாங்கியவன். எல்லோரும் கைதட்டினார்கள். முதல்வர் ஒரு தட்டை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்க சார், வீட்டுல செஞ்சதாம்" என்றார். தட்டு நிறைய என் நட்சத்திரங்கள்.

எந்த வீட்டில் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது. பதமாக வெந்திருந்தது. அதுதான் தாங்கவில்லை.

உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என் தோல்வியைக் கொண்டாட என் ஓவனிலேயே, என் கையாலேயே பலகாரம் சுட வைத்தாய். வெளியார் செய்தால் பகை என்று ஒதுங்கலாம். கூடப் பிறந்தவள் செய்ததற்கு எனக்குத் தெரிந்த அகராதிகளில் சொல் இல்லை.

கடையில் வாங்கிக் கொடு. காவலாளி ஒன்றும் நினைக்க மாட்டார்.

தம்பி


டிசம்பர் 8

தம்பிக்கு,

"அன்புள்ள"ன்னு ஒரு வார்த்தை போட்டா உன் பேனா தேய்ஞ்சிடுமா? "அக்காவுக்கு"ன்னு ஆரம்பிக்கற. தண்ணி வரி நோட்டீஸ் மாதிரி இருக்கு.

சரி, கேளு. எனக்கு முன்னாடியே தெரியும். உன்கிட்ட நானே சொல்றேன்னுதான் இருந்தேன். மாப்பிள்ளைதான் "நான் நேர்ல போய்ச் சொல்றேன் அத்தை, அதான் மரியாதை"ன்னார். வந்தார். உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ள நீ யாரையோ போன்ல திட்டிக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டு, செருப்பைக் கழட்டாமலே திரும்பிட்டார். அடுத்த நாளும் வந்தார், அன்னிக்கும் அதே கதை. துறைத்தலைவர் ஆனாலும் உன்னைப் பார்த்தா அவருக்கு இன்னும் குழாய் உடைச்ச பையன் மாதிரிதான் உதறுது. அதுக்கு நான் என்ன பண்ண? என் பொண்ணு "அம்மா, அவர் பார்ட்டிக்கு பிஸ்கட்"னு கேட்டா. பெத்தவ மாட்டேன்னா சொல்வேன்? உன்கிட்ட மறைச்சது தப்பு. அதை ஒத்துக்கறேன். செஞ்சது தப்புன்னு ஒத்துக்க மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்றேன், கோச்சுக்காத. கோச்சுக்கிட்டாலும் சரி. உனக்கு அந்தப் பதவி கிடைக்காததுக்கு மாப்பிள்ளை காரணமில்ல. முதல்வர் அனுப்பின சுற்றறிக்கையில சிவப்பு மையால பிழை திருத்தி, மதிப்பெண் போட்டு, அறிவிப்புப் பலகையில ஒட்டினது யாரு? மாப்பிள்ளையா? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை நீயே போட்டு உடைச்சுட்டு, பக்கத்துல நின்னவனை முறைக்கற.

தையல்காரம்மா நேத்து வந்து மாவுக்கட்டு மேல பூப்போட்ட துணியில உறை தைச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. கூலி வேண்டாமாம். "பெட்டி வருமில்லக்கா"ன்னு சிரிச்சாங்க. அவங்களுக்குக் கடை பிஸ்கட்டைக் குடுக்கணும்னா நீயே வந்து குடு.

அக்கா


டிசம்பர் 11

அக்காவுக்கு,

அந்தச் சுற்றறிக்கையில் பதினோரு பிழைகள் இருந்தன. ஒரு கல்லூரி முதல்வர் அப்படி எழுதலாம் என்றால் நாம் எதற்குப் பள்ளிக்கூடம் போனோம்? திருத்தியதற்கு வருந்தவில்லை. மதிப்பெண் போட்டது மட்டும் கொஞ்சம் அதிகம்.

யோசித்துப் பார்த்தேன். தையல்காரம்மாவுக்கும் எனக்கும் பகை இல்லை. மருந்துக்கடைக்காரரோடும் இல்லை. நீ எனக்குச் செய்ததற்கு அவர்கள் ஏன் மெழுகுச்சுவை பிஸ்கட்டைக் கடிக்க வேண்டும்? செய்து அனுப்புகிறேன். என் நிபந்தனைகள்:

நான் தனியாகச் செய்வேன், யோசனை சொல்லி யாரும் போன் செய்யக் கூடாது. பெட்டிகள் பார்சலில் வரும். முப்பதாம் தேதி விருந்துக்கு நான் வரமாட்டேன், வற்புறுத்தாதே. கடைசியாக, உன் மாப்பிள்ளை வீட்டுக்கு இதிலிருந்து ஒரு துணுக்கும் போகக் கூடாது.

பிசையும்போது வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுது. நீ எப்போதும் கட்டைவிரலால் குத்திப் பார்த்துவிட்டு "ம்" என்பாய். அந்த "ம்" என்ன என்று எனக்குத் தெரியாது.

தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கு,

கட்டைவிரலை அழுத்தினா பள்ளம் விழணும், விரல் வழுக்கிக்கிட்டு உள்ள போகக் கூடாது. அதான் "ம்".

நிபந்தனை எல்லாம் சரி, கடைசியைத் தவிர. மாப்பிள்ளைக்குப் பெட்டி இல்லன்னா யாருக்கும் பெட்டி வேண்டாம். விடுமுறைக்கு அவங்க ரெண்டு பேரும் இங்கதான் வராங்க. வீட்டுல எல்லாரும் சாப்பிடும்போது அவர் மட்டும் வேடிக்கை பார்க்கணுமா? எதிரிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டோம். ஒரே வார்த்தையில பதில் போடு.

அக்கா


டிசம்பர் 15

அக்காவுக்கு,

சரி.

தம்பி


டிசம்பர் 20

அக்காவுக்கு,

இன்று காலை பார்சல் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கிறது. மேலே "உடையக்கூடியது" என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் கையில் கிடைத்தால் பெட்டிகள் முழுதாக வரும்.

நீ இல்லாமல் முடியுமா என்று நீ சந்தேகப்பட்டிருப்பாய். முடிந்தது. முதல் தட்டு சரியில்லை என்பதை மறைக்கவில்லை. வெண்ணெய் இளகிவிட்டது. ஓவனுக்குள் பிஸ்கட்கள் எல்லைகளை அழித்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்து ஒரே தேசமாகிவிட்டன. சதுரமாக வெட்டி நானே சாப்பிட்டேன். அதற்குப் பிறகு பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுகவிட்டு உருட்டினேன். ஓரம் பொன்னிறம், நடுவில் வெண்மை, அடியில் கருகல் இல்லை. பிசைவதில் பெரிய கம்பசூத்திரம் ஏதோ இருப்பதாக இத்தனை வருடம் என்னை நம்பவைத்திருக்கிறாய்.

பழக் கேக்கும் நன்றாக வந்திருக்கிறது. உலர்ந்த திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு, மாவில் புரட்டிய பிறகுதான் சேர்த்தேன். அதனால் அடியில் போய்த் தங்காது. நீ புரட்டமாட்டாய். உன் கேக்கின் அடித்துண்டுக்கு எப்போதும் சண்டை நடந்ததன் காரணம் அதுதான்.

ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணெய்த்தாள் விரித்து, அடுக்கி, சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் பெட்டிகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, எல்லாம் ஒன்றே. கறுப்பு நூல் கட்டிய பெட்டி ஒன்று இருக்கும். அதைப் பொதுவில் பிரிக்க வேண்டாம். யாருக்கு என்று பெட்டியின் அடியில் எழுதியிருக்கிறேன். உரியவர் கையில் கொடுத்துவிடு. அவருக்கு உரியதை உரிய முறையில் செய்திருக்கிறேன்.

விருந்து நன்றாக நடக்கட்டும்.

தம்பி


டிசம்பர் 22

என் தங்கத் தம்பிக்கு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சு எழுதறேன்.

பார்சல் முழுசா வந்தது. ஒண்ணுகூட உடையல. தையல்காரம்மாவுக்குப் போன பெட்டியை அவங்க வீட்டுல அங்கேயே நின்னு பாதி காலி பண்ணிட்டாங்களாம். எதிர் வீட்டு டீச்சர் "இந்த வருஷம் அமைப்பே வேற மாதிரி இருக்கே, யார் செஞ்சது?"ன்னு கேட்டாங்க. என் தம்பின்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கே கழுத்து ரெண்டு அங்குலம் உயர்ந்தது.

கறுப்பு நூல் பெட்டிக்கு வரேன். அடியில என்னமோ எழுதியிருந்த, ஆனா வெண்ணெய் ஊறி, மை பரவி, நீலமா ஒரு கறைதான் இருந்தது. ஒரு எழுத்துகூடப் புரியல. யாருக்குன்னு தெரியாம, பிரிச்சு ஒரு பிஸ்கட்டை வாயில போட்டேன். சர்க்கரையே இல்ல. காப்பித்தூள் கசப்பு மட்டும். அப்பதான் எனக்குப் புரிஞ்சது. உட்கார்ந்து அழுதுட்டேன்.

எனக்குச் சர்க்கரை வியாதின்னு உனக்கு யாருடா சொன்னாங்க? வருஷ நடுவுலதான் தெரிஞ்சது. நாம பேசாம இருந்த சமயம். உன்கிட்ட அதை எப்படிச் சொல்றது, இரக்கப்பட வைக்கறதுக்காகச் சொல்றேன்னு நினைச்சுடுவியேன்னு விட்டுட்டேன். பொண்ணுகிட்டயும் மாமாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். ஊருக்கெல்லாம் பலகாரம் செய்யறவளுக்கு ஒரு துண்டு வாயில வைக்க முடியலயேன்னு இந்த வருஷம் உள்ளுக்குள்ள எவ்வளவு நொந்தேன் தெரியுமா? நீ மட்டும் எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, வாயைத் திறக்காம, எனக்குன்னு தனியா ஒரு பெட்டி செஞ்சு, யாரும் பார்க்காம குடுன்னு எழுதியிருக்க. கோபத்துல இருக்கும்போதுகூட.

மாப்பிள்ளைக்கு எதுன்னு நீ தனியாச் சொல்லாததால, சிவப்பு நூல் பெட்டியில இருக்கறதுலயே பெரிசா ஒண்ணைப் பொறுக்கி எடுத்து வச்சிருக்கேன். வித்தியாசம் பார்க்காம எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சிருக்க. உன் மனசு யாருக்கு வரும்.

இனி தினமும் டீயோட ஒண்ணு சாப்பிடப்போறேன்.

உன் அக்கா


டிசம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆம், அந்தப் பெட்டி உனக்காகச் செய்ததுதான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

ஆனால் அது முதல் முயற்சி. சரியாக வரவில்லை. அதை மேற்கொண்டு சாப்பிட வேண்டாம். மீதியைக் குப்பையில் போட்டுவிடு. இன்றே போடு. பறவைகளுக்கும் வைக்காதே.

இத்துடன் வேறு பெட்டி அனுப்புகிறேன். முழுக் கோதுமை மாவு, அரைத்த பாதாம், பட்டைத்தூள், துளி உப்பு. வெண்ணெயைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். கல்லூரி மருத்துவரிடம் கேட்டேன். அவர் எழுதிக் கொடுத்ததை நம்பாமல் நூலகத்தில் இரண்டு புத்தகங்களும் பார்த்தேன். நான்கு தட்டு வீணாயிற்று. பாதாம் கூடினால் உதிர்கிறது, கோதுமை கூடினால் செருப்பைக் கடிப்பது போலிருக்கிறது. ஐந்தாவது தட்டில் பிடிபட்டது. டீயோடு ஒன்று சாப்பிடலாம். இரண்டு கூடாது.

எப்போதிலிருந்து இருக்கிறது? எந்த மருத்துவர்? வெறும் வயிற்றில் எவ்வளவு? மாத்திரை மட்டுமா, ஊசியா? கால் விரல்களைத் தினமும் பார்க்கிறாயா? சர்க்கரை இருக்கிறவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், மாவுக்கட்டுப் போட்டவரிடம் இதைச் சொன்னாயா இல்லையா? என்னிடம் கோபம் என்றால் என்னைத் திட்டியிருக்கலாம். வியாதியை மறைத்து வைப்பது என்ன பழிவாங்கல்? நான் போனை எடுக்கவில்லை என்றால் நீ தந்தி கொடுத்திருக்க வேண்டும், ஆள் அனுப்பியிருக்க வேண்டும், வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும்.

பழைய பெட்டியை எறிந்தாயா என்று எழுது.

உன் தம்பி


டிசம்பர் 27

தம்பிக்கு,

எறிஞ்சுட்டேன். நிம்மதியா இரு.

நீ "அன்புள்ள"ன்னு ஆரம்பிச்சிருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டிச்சு. இவன் ஏதோ வசமா மாட்டிக்கிட்டு இருக்கான்னு. அப்புறம் மேல படிச்சேன். "தெரியும்"னு முதல்ல எழுதிட்டு, கீழ வந்து "எப்போதிலிருந்து"ன்னு கேட்கற. எல்லாம் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா இத்தனை கேள்வி?

உன் ரெண்டாவது பெட்டி நேத்து மத்தியானம் வந்தது. எறியறதுக்கு முன்னாடி பக்கத்துல பழைய பெட்டியை வச்சுப் பார்த்தேன். புதுசுல எண்ணெய்த்தாள் ரெண்டு மடிப்பு. பழசுல தாளே இல்ல, வெறும் அட்டை. அதனாலதான் வெண்ணெய் கீழ இறங்கி எழுத்தைத் தின்னிருக்கு. புதுசுல ஒவ்வொண்ணுலயும் நட்சத்திரம். பழசுல ஒண்ணுலகூட இல்ல. போன தடவை சிவப்பு நூல் கட்டின எல்லாத்துலயும் இருந்தது, கறுப்பு நூல் கட்டினதுல மட்டும் இல்ல. எனக்குன்னு செஞ்சிருந்தா நீ நட்சத்திரம் வைக்காம அனுப்புவியா? அது யார் பெட்டின்னு கண்டுபிடிக்க எனக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். பால்பாயின்ட் மை எண்ணெயில கரையும்னு வேதியியல் வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா?

அந்தக் கசப்பை மாப்பிள்ளை விருந்துல எல்லார் முன்னாடியும் வாயில போட்டிருப்பார். போட்டுட்டு என்ன பண்ணியிருப்பார் தெரியுமா? "மாமா செஞ்சது நல்லா இருக்கு அத்தை"ன்னு சொல்லி முழுப் பெட்டியையும் முடிச்சிருப்பார். அவர் அப்படித்தான். உனக்குத்தான் அது தெரியாது.

முதல் நாள் நான் நிஜமாவே நம்பினேன். இப்ப ஏமாந்துட்டேனேன்னு கோபம் வரணும். வரல. ஏன்னா அஞ்சாவது தட்டு வரைக்கும் நின்னு சுட்டது யாரு? ஒரு பொய்யைக் காப்பாத்தறதுக்குப் புத்தகம் பார்த்து, டாக்டரைப் பார்த்து, பாதாம் அரைச்ச ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. முதல் பெட்டியை நான் மறந்துட்டேன். குப்பை வண்டி எடுத்துட்டுப் போயாச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆனா அதுக்குக் கூலி உண்டு. முப்பதாம் தேதி நீ வர. ஜாடி மூடியை எடுத்துட்டு வா. மாப்பிள்ளை அன்னிக்கு வாசல்லேருந்து திரும்பினாரே, இந்தத் தடவை நீ வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. பேசலன்னாலும் பரவாயில்ல. உட்காரு, போதும்.

கறுப்பு நூல் கண்டை வீட்டுலயே வச்சுட்டு வா.

அக்கா


டிசம்பர் 28

அக்காவுக்கு,

முப்பதாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். விருந்துக்கு அல்ல. உன் கையையும் மருத்துவச் சீட்டுகளையும் பார்ப்பதற்கு. அதே நாளில் விருந்து வைத்திருப்பது என் குற்றமல்ல.

உன் மாப்பிள்ளை எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. நீ செய்ததையும் மறக்கவில்லை. முதல்வர் இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார், அதில் ஒன்பது பிழைகள். இன்னும் ஒட்டவில்லை.

அவனைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம். அனுப்புவதாக இருந்தால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காமல் பெட்டிகளைத் தூக்கச் சொல். மேலே உள்ளதை மட்டும் நான் கையில் வைத்துக்கொள்வேன், அது உன்னுடையது. மற்றவற்றோடு சேர்த்தால் நொறுங்கும்.

அவனுக்கும் ஒன்று தனியாகக் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல். எண்ணெய்த்தாள் விரித்திருக்கிறேன். பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் அழுத்தியாயிற்று. சர்க்கரையும் போட்டிருக்கிறேன்.

அளவாகத்தான்.

தம்பி